பெயர் சொல்லாத ஒப்பாரி

துருஸ்பெக் பூட்டை மாற்றிய அன்று அவனுடைய சொந்தத் தங்கை சைரா இன்னும் பிணவறையில்தான் கிடந்தாள். காலையில் செத்தாள். மத்தியானத்துக்குள் அவன் ஒரு கொல்லனைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் வீட்டுப் பழைய பூட்டைப் பெயர்த்துப் புதுப் பூட்டைப் போட்டுவிட்டான். அந்த வேகத்தில் பாதி இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்திருக்கலாம். இதை அன்றே அவன் மூஞ்சியில் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் ஆத்திரம்.

என் பெயர் ஜிபார். தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தையல் பட்டறையில் காஜா எடுக்கிறேன். நான் சொல்ல வந்தது புருலைப் பற்றி. அதே பட்டறையில் கட்டிங் மேசை அவளுடையது. நாற்பது அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டுவாள், நூல் பிசகாது. நாற்பத்தெட்டு வயது, ஒல்லி, பேச்சு குறைவு. கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, கையில் கத்தரி மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போகும்.

அவளும் சைராவும் பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். சைரா மினி பஸ் ஓட்டினாள். பெண் டிரைவர் என்று ஏறுகிறவர்கள் நக்கல் அடித்தால், "இறங்கி நடந்து வாங்க, ஆம்பளக் காலு வேகமாப் போகும்ல" என்பாள். நகரத்துக்கு வெளியே, குப்பை மேட்டுப் புகை அடிக்கிற கடைசித் தெருவில் ஒரு துண்டு நிலம் வாங்கி, இரண்டு பேரும் தங்கள் கையாலேயே மண் குழைத்துச் செங்கல் அறுத்து இரண்டு அறை கட்டினார்கள். நிலம் சைரா பெயரில். எங்கள் நாட்டில் அடையாள அட்டையும் பாஸ்போர்ட்தான்; அப்போது புருலுடையது காலாவதியாகிக் கிடந்தது, அவ்வளவுதான் காரணம். யாராவது கேட்டால் ஒன்றுவிட்ட அக்கா தங்கச்சி என்போம். பட்டறையில் அந்தப் பொய்யை முதலில் ஆரம்பித்தவளே நான்தான். அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைப்பு.

அந்தப் பொய் ஆஸ்பத்திரி வாசலில் உடைந்தது. சைராவுக்கு மூளையில் ரத்தக் கசிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவுக்காரர்கள் மட்டும். புருல் தங்கச்சி என்றாள். நர்ஸ் இரண்டு பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"தகப்பன் பேரு வேறயா இருக்கே?"

"ஒன்னுவிட்ட தங்கச்சி."

"ஒன்னு விட்டாலும் ரெண்டு விட்டாலும் வெளியதான். கூடப் பிறந்தவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்க."

ஒன்பது நாள் புருல் அந்தத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கூடப் பிறந்தவன் எட்டாம் நாள் வந்தான். மாட்டு வியாபாரி, தடித்த கழுத்து, ஊர் மன்றத் தேர்தலில் நிற்கப் போகிறவன். உள்ளே போய் ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு வந்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று புருல் கேட்டதற்கு, "வீட்டுப் பத்திரம் எங்க இருக்கு?" என்றான்.

மறுநாள் சைரா போய்விட்டாள். உடலை மலை ஊருக்கு எடுத்துப் போனார்கள். வண்டியில் இடமில்லை என்று புருலை ஏற்றவில்லை. வண்டியில் ஆறு பேர் உட்கார இடம் இருந்தது, நானே எண்ணினேன். அவள் உடுத்தியிருந்த துணியோடு என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய தையல் மெஷின், குளிர்கால கோட்டு, செருப்பு எல்லாம் அந்தப் புதுப் பூட்டுக்குப் பின்னால்.

பிறகு சட்டத்திடம் போனோம். கட்டணம் வாங்காத ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். பொறுமைசாலி. பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டே கேட்டாள்.

"உயில் எழுதினாங்களா?"

"இல்ல. நோட்டரிகிட்டப் போனா, இவ உனக்கு யாருன்னு கேப்பாங்கன்னு சொல்லிட்டே தள்ளிப் போட்டா."

"நீங்க பணம் போட்டதுக்கு ரசீது?"

"மண்ணு குழைச்சதுக்கு யாரு ரசீது தருவா?"

வக்கீல் பெருமூச்சு விட்டாள். "அக்கா, உள்ளதச் சொல்லிடறேன். ஆம்பளையும் ஆம்பளையும் சேர்ந்திருந்தா ஜெயில்ல போடுற பிரிவ தொண்ணூத்தெட்டுலயே எடுத்தாச்சு. பொம்பளைங்களுக்கு அப்படி ஒரு பிரிவே இருந்ததில்ல. நீங்க சேர்ந்து வாழ்ந்தது குத்தமில்ல. ஆனா குடும்பம்னா ஒரு ஆணும் ஒரு பொண்ணும்னு அரசியல் சாசனத்துலயே எழுதிட்டாங்க. சட்டம் உங்களப் பிடிச்சு உள்ள போடாது. அதுக்கு உங்கள யாருன்னே தெரியாது, அவ்வளவுதான். புருஷன், பிள்ளை, அப்பா அம்மா யாரும் இல்லாததால வீடு அண்ணனுக்குத்தான் போகும்."

"பத்தொன்பது வருஷம்."

"தெரியுதுக்கா."

வெளியே வந்ததும் புருல் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவன் நெஞ்ச நிமித்தி நிக்கிற இடம் ஒன்னு இருக்கும்ல ஜிபார். அந்த இடத்துல அவன் தலை குனியணும். அதோட என் வீடும் எனக்கு வேணும்." அந்த நாளிலிருந்து அவள் சோறு தின்றது, தூங்கியது, துணி வெட்டியது எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

நாற்பதாம் நாள் சாவு விருந்துக்கு ஒரு வாரம் முன்னால் துருஸ்பெக்கே போன் செய்தான். அவனுக்கு ஒரு முட்டுக்கட்டை வந்துவிட்டது. அடக்கத்தன்று கூடாரத்தில் உருப்படியாக ஒப்பாரி வைக்க ஆளில்லை. அவன் பெண்டாட்டிக்கு அழத் தெரியாது, இருமத்தான் தெரியும். சாவு வீட்டில் பெண்கள் கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து இறந்தவரைப் பாடி அழாவிட்டால் எங்கள் பக்கம் அது பெரிய குறை. செத்த ஆட்டைப் புதைக்கிற மாதிரி ஊமையாகப் புதைத்தார்கள் என்று ஊர் பேசிவிட்டது. நாரின் மலைப்பக்கத்துப் பெண் புருல், ஒப்பாரி அவள் ரத்தத்தில் உண்டு. நாலு வருஷம் முன்பு சைராவின் அம்மா செத்தபோது, 'மகளின் தோழி' என்று போய் அவள் அழுத அழுகையை அந்த ஊர் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

"வந்து ஒரு அழுகை அழுதுட்டுப் போ," என்றான் போனில். "நல்லா அழுதா உன் மெஷினையும் துணிமணியையும் தூக்கித் தந்துடறேன்."

"வரேன் அண்ணே," என்றாள் புருல். குரல் அவ்வளவு பணிவாக இருந்தது.

துணைக்கு நானும் போனேன். விருந்துக்குத் துருஸ்பெக் குதிரை வெட்டியிருந்தான். தேர்தலுக்காகப் பக்கத்து மூன்று ஊருக்கும் சொல்லியிருந்தான். மகனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அடக்கத்துக்கு நட்ட கம்பளிக் கூடாரத்தைப் பெருமைக்காகப் பிரிக்காமலே வைத்திருந்தான். பெண்கள் உள்ளே, ஆண்கள் வெளியே. கம்பளிச் சுவர் ஒன்றும் கல்சுவர் இல்லை, உள்ளே அழுகிற ஒவ்வொரு சொல்லும் வெளியே கேட்கும்.

எல்லோரும் கவனித்த முதல் விஷயம், புருல் தலையில் கறுப்புத் துணி. கறுப்பு, புருஷனை இழந்தவள் ஒரு வருஷம் கட்டுவது; தோழி வெள்ளைதான் கட்ட வேண்டும். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நகரத்துக்காரி, தெரியாமல் கட்டிக்கொண்டாள் என்று விட்டுவிட்டார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கை ஊன்றி ஆரம்பித்தாள்.

*எங்க வீட்டு ஆளே,*
*பஸ்ஸு ஓட்டிக் களைச்சு வந்து*
*பனி உதறி நிக்கையிலே*
*கையிலே டீ தந்தேனே*
*கண்ணு மூடிக் குடிச்சியே.*

அந்த முதல் வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மலை ஊர்களில் வாழ வந்த பெண் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷனுக்கு மூத்தவர்கள் பெயரையும் சொல்ல மாட்டாள். என் மாமனார் செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோதுகூடப் பெயரைத் தாளில் எழுதித்தான் காட்டினேன். தோழிக்கு அழுகிறவள் பேர் சொல்லி அழுவாள். சைரா, என் சைரா என்று நூறு தடவை கூப்பிட்டிருக்க வேண்டும். இவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. எங்க வீட்டு ஆளே, எங்க வீட்டு ஆளே என்றே போனாள். பக்கத்துப் பெண் பொரித்த ரொட்டியைக் கடித்தபடியே நிறுத்தினாள். வெளியே ஆண்கள் பேச்சும் நின்றது.

*ஒம்பது நாள் பெஞ்சிலே*
*ஒத்தையிலே நானிருந்தேன்*
*உள்ளே வா சொல்லவொரு*
*ஒத்தத் தாளும் இல்லையே.*
*மூத்தாரு வந்தாரு,*
*பூட்டோட வந்தாரு,*
*உன் உடம்பு ஆறுமுன்னே*
*உன் வாசலை அடைச்சாரு.*
*மண்ணு குழைச்ச கையிது,*
*மதிலு வச்ச கையிது,*
*மாத்துச் சாவி யார் கையில*
*மூத்தாரைக் கேளுங்க.*

மூத்தாரு! புருஷனின் அண்ணனை ஒரு மருமகள் கூப்பிடுகிற முறை. ஊரே கூடியிருக்கும் இடத்தில், துருஸ்பெக்கைத் தன் மூத்தார் ஆக்கிவிட்டாள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு பொய் இல்லை. அழுகிறவளை இடையில் நிறுத்துகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. கூடாரத்தில் மூத்த பெண் ஒருத்திதான் 'போதும்மா, மனசைத் தேத்திக்க' என்று நிறுத்தலாம். அங்கே மூத்தவள் சைராவின் அத்தை பாத்மா. துருஸ்பெக் வாசலில் வந்து நின்று அத்தைக்குக் கண்ணைக் காட்டினான், கையைக் காட்டினான், கடைசியில் கும்பிடவே செய்தான். அந்த அம்மாள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, கிண்ணத்தில் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

எல்லாம் முடிந்தபின் அவனை உள்ளே கூப்பிட்டாள்.

"பூட்டை மாத்துனியா?"

"அத்தே, அது வந்து, இவ என்ன கண்றாவியெல்லாம்..."

"கண்றாவிய அப்புறம் பேசுவோம். நாப்பது நாளு ஆகுறதுக்கு முன்ன, வீட்டுல இருந்தவள வெளிய தள்ளிப் பூட்டுனியா இல்லையா?"

"மெதுவாப் பேசுங்க அத்தே," என்றான் அவன். அதையும் மூன்று ஊரும் கேட்டது. பெண் வீட்டார் குதிரைக்கறி பெஷ்பர்மக் வருமுன்னே கை கழுவிக்கொண்டு எழுந்தார்கள்.

ஊர் எங்களைக் கட்டித் தழுவியது என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் பஸ் ஏறப் போகையில் ஒரு கிழவன் எங்கள் காலடியில் காறித் துப்பினான். யாரோ போனில் பிடித்த வீடியோ பட்டறை வரைக்கும் வந்து சேர்ந்தது. முதலாளி புருலைக் கட்டிங் மேசையிலிருந்து எடுத்து, தனியாக மூலையில் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தான். அவளோடு டீ குடிக்கப் பழைய ஆட்களில் நானும் இன்னொருத்தியும்தான் மிஞ்சினோம். ஆனால் அதே ஊர், அவளை வைதுகொண்டே, பூட்டை மட்டும் விழுங்க முடியாமல் தவித்தது. எப்பேர்ப்பட்டவளாக இருந்தாலும், கறுப்புத் துணி கட்டியவளை வருஷம் திரும்புமுன் வீட்டை விட்டுத் துரத்துவதா? துருஸ்பெக்குக்குப் 'பூட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது. மாட்டுச் சந்தையில் 'என்ன பூட்டு, இந்தக் கன்னுக்கு என்ன வெலை?' என்று கேட்டார்களாம். மகன் கல்யாணம் நின்றது. இதைக் கேட்டுப் புருல் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி வீட்டை அவன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதும் நடந்தது. விற்கவும் பார்த்தான். வாங்க வந்தவர்கள் புகை நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

வருஷத் திதி விருந்துக்குப் பதினைந்து நாள் இருக்கையில் அவன் பிஷ்கெக்குக்கு வந்தான். பட்டறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கழுத்து கொஞ்சம் இளைத்திருந்தது.

"பொண்ணு வீட்டுக்காரங்க திரும்பப் பேசலாம்ங்கறாங்க," என்றான். "தேர்தலும் அடுத்த மாசம். வருஷ விருந்துக்கு எல்லாரும் வராங்க. நீ வந்து அழணும்."

"அழுறேன்."

"அப்படி இல்ல. பேரு சொல்லி அழணும். சைரா, சைரான்னு, தோழி அழுற மாதிரி. ஒரே ஒரு தடவ பேரச் சொல்லு போதும். போன வருஷம் துக்கத்துல ஏதோ உளறிட்டான்னு ஊரு விட்டுடும். அந்த வீட்ட உனக்கே தந்துடறேன்."

புருல் டீயில் சர்க்கரையைக் கலக்கினாள். கலக்கிக்கொண்டே இருந்தாள். "மொதல்ல பத்திரம்," என்றாள்.

"மொதல்ல பேரு."

"அப்ப வேற ஆளப் பாருங்க. உங்க வீட்டம்மா நல்லா இருமுவாங்களே."

மூன்றாம் நாள் அவன் வழிக்கு வந்தான். நோட்டரி அலுவலகத்தில் தானப் பத்திரம் எழுதியாயிற்று. கண்ணாடி போட்ட நோட்டரி அம்மாள் சத்தமாக வாசித்தாள். எந்த நிபந்தனையும் இன்றி, எந்தக் கைம்மாறும் இன்றி. "சரிதானே? நிபந்தனை எதுவும் உண்டா?" என்று துருஸ்பெக்கைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்வான்? என் தங்கையின் பெண்டாட்டி என் தங்கையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றா? மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும், "வாக்குக் குடுத்திருக்க," என்றான். "குடுத்திருக்கேன்," என்றாள் புருல்.

வருஷ விருந்துக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் நான் அவளிடம் மன்றாடினேன். "சொல்லிடு புருல். ஒரு பேருதானே. அவளுக்குத் தெரியும் நீ யாருன்னு. வீடு கெடைச்சாச்சு, விட்டுத் தொலை."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேகமாப் போறான் இந்த டிரைவரு," என்றாள்.

கூடாரம் நிறைந்திருந்தது. முந்தைய வருஷத்தைவிடக் கூட்டம், வேடிக்கை பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள். பெண் வீட்டார் மறுபடி முன்வரிசை. துருஸ்பெக் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வாசல் ஓரமாகவே நின்றான். புருல் அதே கறுப்புத் துணியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

*எங்க வீட்டு ஆளே,*
*வருஷமொன்னு ஆச்சுதே...*

காத்திருந்தோம். குளிர்காலம் வந்தது, பனி வந்தது, பஸ் வந்தது, பத்தொன்பது வருஷமும் ஒவ்வொன்றாக வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. எனக்குப் பயம் போய், நானும் அழ ஆரம்பித்துவிட்டேன். பாத்மா அத்தை கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ, "பூட்டு இன்னும் திறக்கல போலிருக்கே," என்றான். சிரிப்பு கேட்டது.

துருஸ்பெக்குக்குப் பொறுக்கவில்லை. ஆம்பளை நுழையக் கூடாத பெண்கள் பக்கம் நுழைந்தான். ரொட்டி விரிப்பை மிதித்துக்கொண்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்தான். மெதுவாகப் பேசுவதாக அவனுக்கு நினைப்பு, எல்லோருக்கும் கேட்டது.

"பேரச் சொல்லுடி. வீடு வாங்கிட்டல்ல? பேரச் சொல்லு!"

புருல் நிறுத்தினாள். அழுகிறவள் சுவரிலிருந்து திரும்புவதில்லை. இவள் திரும்பினாள். முட்டியில் கையை ஊன்றி எழுந்து, முகத்துக்கு நேரே நின்று அவனைப் பார்த்தாள். கன்னத்தில் ஈரம், குரலில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"துருஸ்பெக்," என்றாள்.

ஊர் கூடிய இடத்தில், மூத்தார் பெயரை, மொட்டையாக. உள்ளே ஒருத்தி 'ஐயோ' என்று வாயைப் பொத்தினாள். இதற்கு மேல் ஒரு மருமகள் ஒரு மூத்தாருக்குச் செய்ய எங்கள் பக்கம் எதுவும் இல்லை. இனி நீ எனக்கு ஒன்றுமே இல்லை என்று அதற்கு அர்த்தம், அது குழந்தைக்கும் தெரியும்.

"துருஸ்பெக்," என்றாள் இன்னொரு தடவை, வெளியே இருப்பவர்களுக்கும் நன்றாகக் கேட்கும்படி. "பத்திரத்துல நிபந்தனை எதுவும் இல்ல."

அவன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போகிற வழியை மறித்தபடி இருந்த பெண்கள் யாரும் கால் மடக்கி வழிவிடவில்லை. புருல் கம்பளிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தாள்.